மோலி வாயில் வெள்ளைப் படலம், பங்கஸ் மருந்துக்குக் கேட்கவில்லை (தருமபுரி)

தருமபுரி மோலி | ஏப்ரல் 11, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். தருமபுரியில் பென்னாகரம் ரோடு பக்கம் வீடு. இரண்டடி மீன் தொட்டி, ஒன்றரை வருடமாக ஓடுகிறது. மோலி 6, பிளாட்டி 4, ஏஞ்சல் 2, கோரி 2 இருந்தன. ஐந்து நாட்களுக்கு முன்பு ஒரு கறுப்பு மோலியின் உதட்டில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பங்கஸ் (பூஞ்சை) என்று நினைத்து, அதற்குப் போடுகிற மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தை ஊற்றினேன். வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செய்வது போல ஹீட்டரையும் 30ல் வைத்தேன். அதற்குப் பிறகுதான் சாவு ஆரம்பித்தது. மூன்று நாளில் மூன்று மீன்கள், மோலி இரண்டும் பிளாட்டி ஒன்றும். இன்று காலை இன்னொரு மோலியின் முதுகில் வெளுத்த திட்டு தெரிகிறது. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் தொட்டியைத்தான் எண்ணிப் பார்க்கிறாள். தயவு செய்து யாராவது வழி சொல்லுங்கள்.

கப்பி காரிமங்கலம் | ஏப்ரல் 11, இரவு 9.41

அண்ணா, பயப்படாதீர்கள். ஹீட்டரை 32 வரை ஏற்றுங்கள். மெடிக்கலில் டெட்ராசைக்ளின் 500 கேப்ஸ்யூல் இரண்டு வாங்கி, பிரித்துத் தொட்டியில் கொட்டுங்கள். எனக்குப் போன வருடம் அதில்தான் சரியானது.

ஓசூர் தொட்டி | ஏப்ரல் 11, இரவு 10.02

எதையும் கொட்டுவதற்கு முன்பு கொஞ்சம் பொறுங்கள். நான்கு விஷயம் சொல்லுங்கள். இப்போது தண்ணீரின் சூடு எவ்வளவு? டெஸ்ட் கிட் இருந்தால் அமோனியா, பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) எவ்வளவு? ஒரு மாதத்துக்குள் புதிதாக மீன் விட்டீர்களா? ஃபில்டரைக் கடைசியாக எப்போது, எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்?

தருமபுரி மோலி | ஏப்ரல் 11, இரவு 10.35

கிட் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் வாங்கிப் பார்த்தேன். அமோனியா 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்). பிஹெச் 8.2. தண்ணீர் 31 டிகிரி. ஆமாம், 14 நாட்களுக்கு முன்பு பெங்களூரில் ஒரு கடையிலிருந்து நான்கு மோலிகள் வாங்கி, பஸ்ஸில் பாக்கெட்டோடு எடுத்து வந்து அப்படியே விட்டேன். செத்த மோலி இரண்டும் அந்தப் புதிய மீன்கள்தான். ஃபில்டர் ஸ்பாஞ்சைப் போன ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் நன்றாகப் பிழிந்து கழுவினேன். அன்று ஒகேனக்கல் தண்ணீர் வந்திருந்தது.

மீன்பண்ணை கிருஷ்ணகிரி | ஏப்ரல் 11, இரவு 11.48

தம்பி, முதலில் எழுந்து போய் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாருங்கள். அப்புறம் உட்கார்ந்து மீதியைப் படியுங்கள்.

இது பங்கஸ் இல்லை என்றே நினைக்கிறேன். காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா நோய். நம் ஊர்ப்பக்கம் பங்குனி, சித்திரையில் இதனால் சாகிற மீன்களில் பல, பங்கஸ் என்று நினைத்து வைத்தியம் பார்க்கப்பட்டுச் சாகின்றன. நானும் அப்படித்தான் ஒரு மே மாதத்தில் நாற்பது பிளாட்டிகளை நான்கு நாளில் புதைத்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ரூம் லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கண்ணாடியின் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடியுங்கள். மீன் பழகி நிற்கும் வரை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பங்கஸ் என்றால் பஞ்சு இழை தனித்தனியாகத் தெரியும், மீன் திரும்பும்போது அந்த இழை தண்ணீரில் அசையும். பெரும்பாலும் அடிபட்ட இடத்திலோ செதில் உரிந்த இடத்திலோதான் வரும். வெள்ளைப்புள்ளி என்றால் ரவை தூவியது போல இருக்கும், ஒவ்வொரு புள்ளியையும் எண்ணலாம். காலம்னாரிஸ் அப்படி இருக்காது. பாலாடை ஒட்டிக்கொண்டது போலத் தட்டையாக, சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும். ஓரத்தில் லேசாக மஞ்சளோ பழுப்போ ஓடும், சில சமயம் சிவப்புக் கோடும் இருக்கும். உதட்டில் தொடங்கும். இல்லையென்றால் முதுகுத் துடுப்புக்குக் கீழே, குதிரைக்குச் சேணம் போட்டது போல இரண்டு பக்கமும் வெளுக்கும். நீங்கள் சொன்ன முதுகுத் திட்டு அதுதானா என்று இப்போதே பாருங்கள். வெளியே ஒன்றுமே தெரியாமல் செவுளை மட்டும் தின்று கொல்வதும் உண்டு. அப்படிப்பட்ட மீன் மேல்மட்டத்தில் வாய் பிளந்து மூச்சு வாங்கும், மறுநாள் இருக்காது.

இன்னொரு அடையாளம் வேகம். பங்கஸ் நிதானமாகப் பரவும். காலம்னாரிஸ் சூடான தண்ணீரில் ஒன்றிரண்டு நாளில் கதையை முடித்துவிடும். வெள்ளைப்புள்ளிக்குச் சூடு மருந்து. இதற்குச் சூடு ஏற்றுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். 25 டிகிரிக்கு மேல் போகப் போக இந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். மீனுக்கோ திண்டாட்டம், ஏனென்றால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் போலக் கரையும், 32ல் 7க்குச் சற்று மேல்தான். செவுள் ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கிற மீனுக்கு அந்த ஒரு மில்லிகிராம் பெரிது.

இப்போது அந்த அமோனியாவுக்கு வருகிறேன். எனக்கு நோயைவிட அதுதான் அதிகக் கவலை. ஃபில்டர் ஸ்பாஞ்சுக்குள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நல்ல பாக்டீரியா குடியிருக்கிறது. குளோரின் கலந்து வந்த குழாய்த் தண்ணீரில் அதைப் பிழிந்து கழுவினீர்கள். அதில் தப்பியதை மெத்திலீன் ப்ளூ முடித்தது. அமோனியா ஏறிவிட்டது. பிஹெச் 7 என்றால் அந்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் விஷமாக இருக்கும். உங்கள் 8.2லும் இந்தச் சூட்டிலும் நூற்றில் பத்துப் பங்குக்கு மேல் விஷம். அந்தத் தண்ணீரில் எந்த மருந்தைக் கொட்டினாலும் மீன் தேறாது.

இன்றிரவே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பிடித்து வைத்த பழைய தண்ணீர் இருந்தால் அது, இல்லையென்றால் ஆன்டி குளோரின் போட்டது. ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடுகிற கல்) இன்னொன்று கூடுதலாகப் போடுங்கள். தீனியை முழுதாக நிறுத்துங்கள், இரண்டு நாள் பட்டினியில் மீன் சாகாது. தொட்டியின் மூடியைத் திறந்து, டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேல்பரப்பில் படுகிற மாதிரி திருப்பி வையுங்கள். அதிலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மதியம் மட்டும் பெட் பாட்டிலில் தண்ணீர் உறையவைத்து மிதக்க விடலாம். ஆனால் ஒரே நாளில் 31லிருந்து 25க்கு இழுத்துவிடாதீர்கள், நாளுக்கு இரண்டு டிகிரி போதும்.

உப்பு. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டி என்றால் கணக்குக்கு 56 லிட்டர் வரும், ஆனால் மணலும் மேல் இடைவெளியும் போக உங்களிடம் 50 லிட்டர்தான் இருக்கும். சாதாரணக் கல் உப்பு 50 கிராம், தனி வாளியில் கரைத்து, அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நாளைக் காலை இன்னொரு 50. மோலியும் பிளாட்டியும் உப்பைத் தாங்கும். கோரி தாங்காது, அதை முதலில் தனி வாளியில் ஏர் ஸ்டோனோடு மாற்றுங்கள். செடி இருந்தால் சில வாடும், பரவாயில்லை.

கப்பி காரிமங்கலம் | ஏப்ரல் 12, காலை 6.55

அண்ணா, நான் சொன்னது அனுபவத்தில்தான். டெட்ராசைக்ளின் போட்ட மூன்றாம் நாளே கப்பி சுறுசுறுப்பாகிவிட்டது. உப்பில் பாக்டீரியா சாகும் என்றால் மருந்து எதற்கு?

விலங்கியல் ஆய்வகம் | ஏப்ரல் 12, காலை 8.10

கல்லூரியில் விலங்கியல் ஆய்வகம் பார்த்துக்கொள்கிறேன். காரிமங்கலம் தம்பி கேட்டது நியாயமான கேள்வி, அதனால் பதில் சொல்கிறேன்.

உப்பு கிருமியைக் கொல்கிறது என்று யாரும் சொல்லவில்லை. லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் உப்பு இருந்தால் காலம்னாரிஸ் கிருமி தோலிலும் செவுளிலும் ஒட்டிக்கொள்வது சிரமமாகிறது. புண் வழியாக உடம்புக்குள் தண்ணீர் புகுந்து மீன் படுகிற பாடும் குறைகிறது. அது மீனுக்கு அவகாசம் வாங்கித் தருகிறது.

டெட்ராசைக்ளினுக்கு வருகிறேன். டாக்டர் அந்த மாத்திரையை எழுதினால் பாலோடு சாப்பிடாதே என்பார், நினைவிருக்கிறதா? பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. நம் போர் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்தில் கோடு கட்டும். அவ்வளவும் கால்சியமும் மெக்னீசியமும்தான். அதில் கேப்ஸ்யூலைக் கொட்டினால் பெரும்பகுதி அவற்றோடு கட்டிக்கொண்டு வீணாகிவிடும், மீனுக்குள் போவது சொற்பம். மீதி வெளிச்சம் பட்டுப் பழுப்பாகித் தண்ணீரைக் கெடுக்கும். அரைகுறை அளவு மருந்தைப் பார்த்துப் பழகிய கிருமிதான் அடுத்த முறை அந்த மருந்துக்கு மசியாது. உங்கள் கப்பிகள் பிழைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. அந்த மூன்று நாளில் தண்ணீரும் மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

எரித்ரோமைசினையும் சிலர் சொல்வார்கள். பாக்டீரியாவைச் சாயம் ஏற்றிப் பார்த்து கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். அது பெரும்பாலும் பாசிட்டிவ் வகைக்கு. தொட்டியில் நாம் பார்க்கிற காலம்னாரிஸ், ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் எல்லாம் கிராம் நெகட்டிவ்.

தருமபுரி நண்பரே, இன்று ஒரு மீன் இறந்தால் உடனே எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். இறந்து சில மணி நேரத்துக்குள் கிடைத்தால்தான் பயன். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், பாலிதீன் பையில் போட்டு ஐஸ் கட்டிமேல் வையுங்கள்.

தருமபுரி மோலி | ஏப்ரல் 12, இரவு 8.30

மேடம், மிக்க நன்றி. காலையில் ஒரு பிளாட்டியும், பதினோரு மணிக்கு அந்த முதுகு வெளுத்த மோலியும் போய்விட்டன. மோலியை நீங்கள் சொன்னபடி கொண்டு வந்து கொடுத்தேன். தண்ணீர் இப்போது 28.5. அமோனியா 0.5. உப்பு இரண்டு தவணையும் போட்டாயிற்று. ஒரு ஏஞ்சலுக்கு வயிறு உப்பலாக இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

விலங்கியல் ஆய்வகம் | ஏப்ரல் 12, இரவு 9.15

முதுகுத் திட்டின் ஓரத்தில் லேசாகச் சுரண்டி, ஒரு சொட்டு தண்ணீரில் வைத்து, மேலே கவர் ஸ்லிப் போட்டு 400 மடங்கில் பார்த்தேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு மெல்லிய நீளமான குச்சிகள் வழுக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் கூடின. களத்துமேட்டில் வைக்கோல் போர் போட்டது போலக் குவியல் குவியலாக நின்றன. இந்தத் தூண் போன்ற குவியலை வைத்துத்தான் காலம்னாரிஸ் என்ற பெயரே வந்தது. 1922ல் டேவிஸ் என்பவர் மிசிசிப்பி ஆற்று மீன்களில் இதைப் பார்த்து எழுதினார். நூறு வருடம் கழித்து தருமபுரி மோலியிலும் அதே போர்தான். வளர்த்துப் பார்த்து உறுதி செய்கிற வசதி என்னிடம் இல்லை, ஆனால் இந்த நோய்க்கு இந்தக் காட்சி நல்ல சாட்சி. பங்கஸ் இழை ஒன்றுகூட இல்லை.

மீன்பண்ணை கிருஷ்ணகிரி | ஏப்ரல் 12, இரவு 10.20

மேடம், நன்றி. கண்ணால் பார்த்துச் சொன்னதற்கு உங்களால் ஆதாரம் கிடைத்தது.

தம்பி, ஏஞ்சல் விஷயம் வேறு. செதில் சிலிர்த்து நிற்பதை ட்ராப்ஸி என்கிறோம். அது ஒரு நோயின் பெயர் இல்லை, உள்ளே சிறுநீரகம் வேலை செய்யாமல் உடம்பில் நீர் கோத்துக்கொண்டதன் அடையாளம். பெரும்பாலும் ஏரோமோனாஸ் போன்ற கிருமி உள்ளே இறங்கியிருக்கும். அந்த மீனுக்குச் சாப்பாட்டு உப்பு வேண்டாம். தனியாக ஒரு இருபது லிட்டர் டப்பில் மாற்றி, பேதி உப்பு (மெக்னீசியம் சல்பேட்) ஒரு தேக்கரண்டி போடுங்கள். அது கோத்த நீரை இழுக்கும். மாந்தோப்புக்குப் போடுகிற மெக்னீசியம் சல்பேட் மூட்டையிலிருந்து எடுக்காதீர்கள், மெடிக்கலில் கிடைக்கிற சுத்தமானதை வாங்குங்கள். செதில் முழுதும் தூக்கிய பிறகு பிழைப்பது அரிது, இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

மற்ற மீன்கள் தீனி எடுக்கின்றனவா என்று நாளை ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். சாப்பிடுகிற மீனுக்குத் தீனியில் கலந்து மருந்து கொடுக்க முடியும், கடினத் தண்ணீர்ப் பிரச்சினையே வராது. அதற்கு மட்டும் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். மீன் பார்த்துப் பழக்கம் இல்லை என்று அவர் சொன்னால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைக் கேட்கலாம், பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையமும் இருக்கிறது. மீனின் எடைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு அவர்கள் எழுதித் தருவது ஒரு பக்கம், நாம் கேப்ஸ்யூல் பிரித்துக் கொட்டுவது ஒரு பக்கம்.

பாலக்கோடு வாசகி | ஏப்ரல் 13, காலை 7.05

இரண்டு வருடமாக இங்கே படிக்க மட்டும்தான் வருகிறேன். ஒரு சந்தேகம். எங்கள் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பார்கள். மீன் நோய்க்கு அதுவும் காரணமா?

விலங்கியல் ஆய்வகம் | ஏப்ரல் 13, காலை 7.50

இந்த நோய்க்கு அது காரணம் இல்லை. தண்ணீரில் கால்சியம் அதிகமாக இருந்தால் மீனுக்கு ஃப்ளூரைடின் பாதிப்பு குறையவும் செய்யும். நமக்குத்தான் அது பிரச்சினை, 2013லிருந்து ஒகேனக்கல் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் வருவதே அதற்காகத்தானே. மீனுக்கு அந்த ஒகேனக்கல் தண்ணீரில் உள்ள குளோரினைப் பாருங்கள். திறந்த டிரம்மில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும்.

ஓசூர் தொட்டி | ஏப்ரல் 13, காலை 9.30

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தருமபுரி நண்பர் தினமும் கையை உள்ளே விட்டு வேலை செய்கிறார். கையில் வெட்டுக்காயம், நகச்சுற்று ஏதாவது இருந்தால் கையுறை போடுங்கள்.

எனக்கு மூன்று வருடத்துக்கு முன்பு வலது ஆள்காட்டி விரல் கணுவில் சிவப்பாக ஒரு கட்டி வந்தது. வலி அதிகம் இல்லை. இரண்டு மாதமாக ஆறவும் இல்லை. ஓரிடத்தில் பூச்சிக்கடி என்று களிம்பு தந்தார்கள். கடைசியில் ஒரு தோல் மருத்துவர், வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் பிடிபட்டது. மைக்கோபாக்டீரியம் மரினம், மீன்களுக்கு வருகிற காசநோய்க் கிருமி. சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டேன். அந்தச் சமயம் என் தொட்டியில் ஒரு கௌராமி நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போய், முதுகெலும்பு வளைந்து செத்திருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தின்கிற மீன் இளைத்தால், முதுகு வளைந்தால், ஆறாத புண் இருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். மீனுக்கு அதற்கு நம்பகமான வைத்தியம் இல்லை. குழாயில் வாய் வைத்து உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கம் இருப்பவர்கள் இன்றோடு விடுங்கள். ஆறாத கட்டி வந்தால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் மீன் வளர்க்கிறேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, ஓசூர்க்காரர்களுக்கு. எங்களுக்கு மார்கழி, தை இரவுகளில் தண்ணீர் 20க்கு இறங்கும், மதியம் 25 ஆகும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இங்கே துடுப்பு அழுகல் வருகிறது. எங்களுக்கு அந்த மாதங்களில் ஹீட்டர் வேண்டும். தருமபுரிக்குச் சித்திரையில் வேண்டாம். இந்த ஒரே உரையாடலைப் படித்துவிட்டு இரண்டு ஊர்க்காரரும் ஒரே வைத்தியம் செய்ய முடியாது.

தருமபுரி மோலி | ஏப்ரல் 14, இரவு 9.00

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லோருக்கும். இன்று ஒரு மீனும் சாகவில்லை. ஏஞ்சல் மட்டும் டப்பில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது, மூச்சு மட்டும் ஓடுகிறது. அதை என்ன செய்வது?

மீன்பண்ணை கிருஷ்ணகிரி | ஏப்ரல் 14, இரவு 9.25

இன்னும் இழுக்க விட வேண்டாம் தம்பி. கிராம்பு எண்ணெயைச் சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி, ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் மீனை வைத்து அதில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் மயங்கும். மயங்கிய பிறகு இன்னும் கொஞ்சம் விடுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட்டு வையுங்கள். பாப்பாவை அந்த நேரம் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மீனை மண்ணில் ஆழமாகப் புதையுங்கள். மீனையும் சரி, டப்புத் தண்ணீரையும் சரி, ராமாக்காள் ஏரிப் பக்கம் கொண்டு போகவே கூடாது.

தருமபுரி மோலி | ஏப்ரல் 19, இரவு 8.45

ஏஞ்சலை அன்றே அண்ணா சொன்னபடி செய்தேன். கை நடுங்கியது, ஆனால் அது அமைதியாகத்தான் போனது.

மறுநாள் இங்குள்ள கால்நடை மருத்துவரைப் பார்த்தேன். அவர் நாமக்கல்லில் தன்னோடு படித்த ஒருவரிடம் போனில் பேசிவிட்டு, தீனியில் கலக்க மருந்தும் அளவும் எழுதித் தந்தார், பத்து நாள். குருணைத் தீனியில் ஜெலட்டின் கரைசல் ஊற்றிப் பிசைந்து, நிழலில் உலர்த்தி, சிறு டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். மகள்தான் காலையும் மாலையும் அளந்து போடுகிறாள். தண்ணீர் 26. அமோனியா பூஜ்யம், நைட்ரைட் கொஞ்சம் காட்டுகிறது. பக்கத்து வீட்டுத் தம்பியின் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி என் ஃபில்டரில் வைத்தேன். அவர் தொட்டியில் ஆறு மாதமாக நோய் இல்லை என்று விசாரித்துவிட்டுத்தான் வைத்தேன்.

கப்பி காரிமங்கலம் | ஏப்ரல் 20, காலை 7.20

மேடம் கேட்டதை யோசித்தேன். போன வருடம் டெட்ராசைக்ளின் போட்டதும் தண்ணீர் பழுப்பாகி நுரைத்தது. பயந்து இரண்டு நாளும் பாதிப் பாதி மாற்றினேன். கப்பி தேறியது அதனால்தான் போலிருக்கிறது. தருமபுரி அண்ணா, 32 வரை ஏற்றச் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள்.

தருமபுரி மோலி | ஏப்ரல் 20, காலை 7.40

தம்பி, உதவத்தானே வந்தீர்கள். அந்த இரவில் முதல் பதில் உங்களுடையதுதான், அதுவே எனக்குத் தைரியமாக இருந்தது.

மீன்பண்ணை கிருஷ்ணகிரி | ஏப்ரல் 20, காலை 8.15

மீன் தெளிந்துவிட்டது என்று மருந்தை ஏழாம் நாள் நிறுத்திவிடாதீர்கள், பத்தும் முடியட்டும். வலை, வாளி, குழாய் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி, மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் காயப் போடுங்கள். அடுத்த முறை சென்னைக் கொளத்தூரோ பெங்களூரோ, எங்கிருந்து மீன் வந்தாலும் மூன்று நான்கு வாரம் தனித் தொட்டி. பஸ்ஸில் மணிக்கணக்கில் பாக்கெட்டில் குலுங்கி வந்த மீனுக்கு எதிர்ப்பு சக்தி இருக்காது, ஏற்கெனவே ஒட்டியிருந்த கிருமி அப்போதுதான் தலை தூக்கும்.

தருமபுரி மோலி | மே 3, மாலை 6.10

மோலி 3, பிளாட்டி 2, ஏஞ்சல் 1, கோரி 2. பதினான்கில் எட்டு. இருபது நாளாக எண்ணிக்கை மாறவில்லை. மருந்து முடிந்து ஒரு வாரம் ஆகிறது. தண்ணீர் மாற்ற மாற்ற உப்பு குறைந்துவிட்டது, கோரி இரண்டும் திரும்பி வந்து மணலைக் கிளறுகின்றன. உதட்டில் வெள்ளை இருந்த அந்தக் கறுப்பு மோலியின் வாய் ஒரு பக்கம் கொஞ்சம் தேய்ந்துதான் ஆறியிருக்கிறது, ஆனால் முதல் ஆளாக வந்து தீனி எடுக்கிறது. இன்று காலை செடிக்குள் குஞ்சுகள் தெரிந்தன. மகள் இதுவரை பதினொன்று எண்ணியிருக்கிறாள்.